வண்டி என்னுடையதுதான்

வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்வது என் தொழில். வாக்கர், மடக்குக் கட்டில், நுரை மெத்தைகள், கால் பயிற்சிக்கான மணல் பைகள் எல்லாம் கூடவே வர வேண்டும். பத்து வருடம் இவற்றை ஆட்டோவில் ஏற்றி இறக்கி என் முதுகே போய்விடும் போலிருந்தது. பின்பக்கம் நீளமான கார் ஒன்று வேண்டும் என்ற நினைப்பு அப்படித்தான் வந்தது.

என்னிடம் பயிற்சி எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற நம்மூர்க்காரர். இடுப்பெலும்பு முறிந்து ஆறு மாதம் படுக்கையும் பயிற்சியுமாக இருந்தார். அவரை பிரெஞ்சு வழக்கப்படி முசியே என்றுதான் கூப்பிடுவேன். நன்றாக நடக்கத் தொடங்கியதும், மகளோடு இருக்க பிரான்சுக்கே போகப் போவதாகவும் தன்னுடைய ‘ப்ரேக்’கை விற்க வேண்டும் என்றும் ஒரு நாள் சொன்னார். ப்ரேக்கை மட்டும் தனியாக யார் வாங்குவார்கள் என்று விழித்தேன். ஸ்டேஷன் வேகனுக்கு பிரெஞ்சில் அதுதான் பெயராம். கொல்லைப்புறக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். முப்பது வயதைத் தொட்ட டீசல் வண்டி. முன்னால் பார்த்தால் சாதாரணக் கார். பக்கவாட்டில் பார்த்தால் முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் இன்னும் இரண்டடி நீண்டிருந்தது. பின்னால் மேலே தூக்கித் திறக்கும் ஒரே கதவு, அதில் அகலமான, லேசாக வளைந்த கண்ணாடி.

நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் சிரித்தார்.

“வூட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க மதாம். வண்டி விஷயம், அவர்கிட்ட பேசுனாத்தான் சரியா வரும்.”

எனக்கு வீட்டுக்காரர் கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆறு மாதம் என் தோளில் முழு எடையையும் சாய்த்து நடந்தவர். அவரைத் தாங்கத் தெரிந்த எனக்கு ஒரு காரைப் பற்றிப் பேசத் தெரியாது என்று எப்படித்தான் தோன்றியதோ. ஓட்டப் போவது நான், பேசுவதையும் என்னிடமே பேசுங்கள் என்றேன். பேசினார். ஆனால் வண்டியை எடுக்கப் போன அன்று சாவியை என்னிடம் தரவில்லை; என்னைக் கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரரிடம் நீட்டினார். ஆட்டோக்காரர்தான் வெட்கப்பட்டு அதை என் கையில் கொடுத்தார்.

என் வீடு கருவடிக்குப்பத்தில். கடல் காற்று இரும்பை விடாது. கதவுகளுக்கு அடியில் விரலை வைத்து அழுத்தினால் தகடு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. மெக்கானிக் பாய் ஒருவரைப் பிடித்தேன். நல்ல தொழில்காரர். வண்டிக்கு அடியில் பலகை போட்டு என்னையும் படுக்க வைத்து, எங்கெங்கே துரு ஏறியிருக்கிறது என்று டார்ச் அடித்துக் காட்டியவர். வாரம் ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுவது, காலையில் இன்ஜின் சூடாகும்வரை பொறுப்பது, ரேடியேட்டர் தண்ணீரைத் தினமும் பார்ப்பது எல்லாம் அவரிடம் கற்றதுதான். அப்படிப்பட்டவரின் போனில் என் எண் ‘வேகன் சார்’ என்று இருந்ததை ஒரு வருடம் கழித்துத்தான் பார்த்தேன். கேட்டதற்கு, வண்டி வைத்திருப்பவர்களை எல்லாம் சார் என்றுதான் போட்டுவைப்பாராம். அங்கேயே நின்று மாற்ற வைத்தேன்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது.

பழைய பிரெஞ்சு வீடுகள் இருக்கும் ஒயிட் டவுனில் பக்கவாதம் வந்த ஒரு அம்மாவுக்கு மாடியில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். வண்டி கீழே, மஞ்சள் சுவர் ஓரமாக நின்றது. அந்தத் தெருக்களில் ஞாயிறு விடிந்தால் கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் போட்டோ எடுக்க வந்துவிடுவார்கள். வாசற்படி, ஜன்னல், அடுத்தவர் வளர்த்த காகிதப்பூச்செடி என்று எதையும் விடுவதில்லை. சத்தம் கேட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். என் வாக்கரும் மெத்தைகளும் மணல் பைகளும் சாக்கடை ஓரத்தில் கிடந்தன. திறந்த பின்கதவுக்குள் பூக்கூடைகளும் ஒரு பழைய தோல் பெட்டியும். நடுவில் காலைத் தொங்கப்போட்டு ஒரு கல்யாணப் பெண்.

பின்கதவின் பூட்டு தேய்ந்து போயிருந்தது உண்மைதான். அதற்காக, பூட்டு சரியில்லாத வீட்டுக்குள் போய்ச் சமைத்துச் சாப்பிடுவார்களா?

படியிறங்கி ஓடினேன். அந்தக் கதவைத் தூக்கிப் பிடிக்கும் கம்பிகளுக்குப் பலம் போய்விட்டது. நான் மூங்கில் கழி ஒன்றை முட்டுக்கொடுப்பேன். அவர்கள் தங்கள் லைட் ஸ்டாண்டை முட்டுக்கொடுத்திருந்தார்கள். பெண்ணை இறக்கிவிட்டு யாரோ அதை இழுத்திருக்கிறார்கள். நான் தெருவுக்கு வருவதற்குள் கதவு அந்த ஸ்டாண்டின் மேலேயே விழுந்தது. பின்கண்ணாடி பொடிப்பொடியாகச் சிதறியது.

போட்டோகிராபர் பதறவில்லை. “பழைய வண்டிதானே மேடம். ரொம்ப நாளா நிக்குதுன்னு நெனச்சிட்டோம். சார் நம்பர் குடுங்க, நாங்க பேசிக்கிறோம்.”

 நான் அவருக்கு எதிரே போய் நின்றேன்.

“சார்னு யாரும் கிடையாது. ஆர்.சி.யில இருக்கிறது என் பேரு. பேசறதுன்னா எங்கிட்ட பேசு. அதுக்கு முன்னாடி என் சாமானை எடுத்து உள்ள வை.”

மாப்பிள்ளை பர்ஸை எடுத்தார். அதை உள்ளே வைக்கச் சொன்னேன். அந்தக் கண்ணாடி இப்போது எந்தக் கடையிலும் இல்லை. இல்லாத பொருளை எதைக் கொடுத்து வாங்குவது? போட்டோகிராபர் யாருக்கோ போன் செய்வதுபோல் நகர்ந்தார். கல்யாணப் பெண்தான் பட்டுப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் மணல் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து வந்து வைத்தாள். என் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இனி கூப்பிடவா போகிறாள் என்று நினைத்தேன்.

பாய் கண்ணாடி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிக் கொடுத்தார். மழையில் மெத்தை நனைந்தது. இரண்டு வாரம் கழித்து, நான் போகும் ஒரு வீட்டுப் பெண் தன் போனில் எதையோ காட்டினாள். உடையாத கண்ணாடியோடு என் வண்டி, உள்ளே அந்த ஜோடி. படங்கள் அந்த போட்டோகிராபரின் ஸ்டூடியோ நடத்தும் இணையப் பக்கத்தில் ஊரெல்லாம் பார்க்கக் கிடந்தன. எங்கள் விண்டேஜ் கார் என்று எழுதியிருந்தார்கள். எங்கள்! கழுவியது யார், துருவைச் சுரண்டியது யார், எஃப்.சி.க்காக வெயிலில் நின்றது யார்?  அன்றே அவற்றை நீக்கச் சொல்லி ஸ்டூடியோவுக்கு எழுதினேன். படங்களை நீக்கவில்லை. கீழே ஒரு வரி மட்டும் சேர்த்தார்கள்: நன்றி, கார் உரிமையாளர் சார்.

மூன்றாவது வாரம் அந்தப் பெண் கூப்பிட்டாள். லாஸ்பேட்டையில் ஒரு அலுவலகத்தில் கிளார்க்காம். தன்னோடு வேலை செய்பவர்களிடம் எல்லாம் விசாரித்து, விழுப்புரம் ரோட்டில் ஒரு பழைய இரும்புக் கடையில் இதே வண்டி ஒன்று கிடப்பதைக் கண்டுபிடித்திருந்தாள். நேரில் போய்ப் படமும் எடுத்து அனுப்பியிருந்தாள். கண்ணாடி முழுசாக இருந்தது.

அடுத்த ஞாயிறு பாயையும் அவளையும் ஏற்றிக்கொண்டு போனேன். அந்த வண்டி முள்செடிக்குள் கோழிகள் அடையும் இடமாகக் கிடந்தது. பாய் சோப்புத் தண்ணீர் விட்டு ரப்பரை நெகிழ்த்தினார். நான் உள்ளிருந்து தள்ள, அவள் வெளியே நின்று இரண்டு கையாலும் வாங்கினாள். திரும்பும்போது கண்ணாடியை என் மெத்தைகளில் சுற்றி, பின்னால் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வந்தாள். வில்லியனூர் தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்.

“அன்னிக்கு நான் கேட்டேன் அக்கா, இது யாரோட வண்டின்னு. கேட்டா ஷூட் லேட்டாவும்னாங்க. நானும் உக்காந்துட்டேன்.”

பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது பொய். கண்ணாடியை நன்றாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

கண்ணாடி பொருந்திவிட்டது. ஒரு மூலையில் மட்டும் கோழி கீறிய மாதிரி ஒரு கோடு. கம்பிகளையும் பூட்டையும் பாய் மாற்றிவிட்டார்.

கல்யாணத்துக்கு அவள் நேரில் வந்து பத்திரிகை வைத்தாள். வரவேற்புக்கு வேகனில்தான் போனேன். மண்டப வாசலில் செக்யூரிட்டி கையைக் காட்டி நிறுத்தி, சாமான் இறக்கும் வண்டியெல்லாம் பின்பக்கம் போக வேண்டும் என்றார். விருந்துக்கு வந்திருக்கிறேன் என்று பத்திரிகையைக் காட்டினேன். அவர் பத்திரிகையையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். வாசலுக்கு நேராக, இரண்டு புத்தம் புதுக் கார்களுக்கு நடுவில், ரிவர்ஸ் எடுத்து ஒரே முறையில் நிறுத்தினேன். ஐந்து கதவுகளையும் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனேன்.