சிவப்புப் பொட்டு வைத்த பிக்கப்

இது நடந்தது, கண்ணுகளா. கட்டிவிட்ட கதை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சுதர்ஷன் தன் வாயால், மணி நிமிஷத்தோடு சொன்னது. ஒரு நிமிஷம் கூட்டாமல் குறைக்காமல் உங்களுக்குச் சொல்கிறேன். ராத்திரியில்லையே, என்ன பயம் என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். பட்டப்பகலில்தான் நடந்தது.

1996. மைசூரில் ரயில்வே குவார்ட்டர்ஸ். அப்பா பட்டாபிராமன் ரயில்வே கார்டு, மாதத்தில் பாதி நாள் வண்டியில் போய்விடுவார். அம்மா கனகலக்ஷ்மி. ஒரே பிள்ளை சுதர்ஷன், இருபத்தைந்து வயது. பகலில் சிவராம்பேட்டையில் ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர். சாயங்காலம் குருபிரசாத் மாஸ்டரின் ஆர்கெஸ்ட்ராவில் எலக்ட்ரிக் கிடார்.

இரண்டாவது கிடார். அதுதான் அவன் நெஞ்சில் தைத்த முள்.

முதல் கிடார் மாதப்பன். கொள்ளேகால் பக்கம் கௌதள்ளி கிராமத்திலிருந்து வந்த பையன், இவனைவிட மூன்று வயது சின்னவன். யாரிடமும் பாடம் கேட்டதில்லை. ஆனால் அவன் வாசித்தால் தேன் சொட்டும். குழுவில் பாடுகிற ஸ்மிதா, மாதப்பன் வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு பாடுவாள். சுதர்ஷன் வாசித்தால் நோட்டைப் பார்த்துப் பாடுவாள்.

அந்த மூடிய கண்ணை நினைத்து நினைத்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வருஷம் தசரா எக்ஸிபிஷன் மேடை அவர்களுக்குக் கிடைத்திருந்தது. நடுவில் ஒரு தனி கிடார் வாசிப்பு. மாதப்பனுக்குத்தான் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார்.

"அவன் கையில என்ன இருக்கு? எல்லாம் அந்தப் பிக்கப்" என்று சுதர்ஷன் தனக்குள் சொல்லிக்கொண்டான்.

பிக்கப் என்றால் வேறொன்றுமில்லை. ஒரு காந்தம், அதைச் சுற்றி மயிரிழைச் செப்புக் கம்பி. கிடாரின் தந்திக்கு அடியில் உட்கார்ந்து சத்தத்தைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். கழுத்தோரம் ஒன்று, தந்தி முடிகிற பிரிட்ஜ் ஓரம் ஒன்று. கழுத்தோரத்துக்குக் குழைவு, பிரிட்ஜ் ஓரத்துக்குக் காரம். ஒரு சுவிட்சைத் தள்ளினால் இது, அது, நடுவில் வைத்தால் இரண்டும். மாதப்பன் கிடாரில் கழுத்தோரம் இருந்தது பழைய வெளிநாட்டுப் பிக்கப்.

ஆகஸ்டில் மாதப்பனே கிடாரைக் கொண்டுவந்தான்.

"ஏனுங்ணா, சுவிச்சு கரகரன்னு கத்துதுங்க. கொஞ்சம் பாத்துக் குடுக்கறீங்களா?"

"வெச்சிட்டுப் போ."

"உங்க கை பட்டாச் சரியாயிருங்ணா."

கை பட்டது. சுதர்ஷன் அந்தப் பழைய பிக்கப்பைக் கழற்றித் தன் கிடாரின் கழுத்தோரம் வைத்தான். தன்னுடைய மட்டமானதை மாதப்பன் கிடாரில் வைத்தான். இரண்டும் ஒரே அளவு. மேலே மூடியிருக்கும் வெள்ளித் தகட்டையும் மாற்றிப் போட்டுவிட்டான். பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது.

ஒன்றை மட்டும் மறந்தான். அவன் கடையில் ஒரு வழக்கம். ரிப்பேர் செய்த சாமானில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பார்கள். திரும்பி வந்தால் நம் வேலைதானா என்று பார்க்க. அந்த மட்டமான பிக்கப்பின் அடியிலும் எப்போதோ ஒரு பொட்டு வைத்திருந்தான்.

முதலில் அவன் கிடாரில் ஒரு தொல்லை. தனித்தனியே இரண்டு பிக்கப்பும் நன்றாகப் பேசின. சுவிட்சை நடுவில் வைத்தால் மட்டும் சத்தம் சோகை பிடித்தாற்போல் மெலிந்தது. வேறு வேறு இடத்தில் செய்தவை. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், ஒன்றை ஒன்று தின்றுவிடும். சுதர்ஷனுக்கு வைத்தியம் தெரியும். சுவிட்சின் பக்கம் இரண்டு ஒயரைத் தலைமாற்றி ஈயம் வைத்தான். சரியாகிவிட்டது.

அடுத்த ஒத்திகைகளில் மாதப்பன் கிடார் தகர டப்பாபோல் கத்தியது.

"ஏனப்பா மாதப்பா, ஏனாயித்து, என்ன ஆச்சு? விரலுக்கு ஜுரமா?" என்றார் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். மாதப்பன் தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தனி வாசிப்பு சுதர்ஷனுக்கு வந்தது.

செப்டம்பர் 24, செவ்வாய். கடையிலிருந்து வந்தவனிடம் அம்மா சொன்னாள்: "மாதப்பன் வந்திருந்தாண்டா, கிடாரும் கையுமா. ஊருக்குப் போறானாம், சொல்லிட்டுப் போக வந்தானாம். உன் ரூம்ல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தான். மோர் குடுத்தேன்."

சுதர்ஷன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஓடிப்போய்க் கிடாரைப் பார்த்தான். திருகாணி எல்லாம் இருந்த இடத்தில். வாசித்துப் பார்த்தான். கழுத்தோரம்... குழைவு. அப்பாடா.

சுவிட்சை நடுவில் வைத்தான்.

சோகை.

சரி செய்ததாயிற்றே? ஈயம் விட்டிருக்கும் என்று விட்டுவிட்டான்.

வியாழன் ஒத்திகை. அன்று அவன் வாசித்தது அவனுக்கே ஆச்சரியம், தேன் சொட்டியது. தெரியாத இடமெல்லாம் விரல் போயிற்று. நிமிர்ந்து பார்த்தான். ஸ்மிதா கண்ணை மூடியிருந்தாள்! முடிந்ததும் அருகில் வந்தாள்.

"கண்ண மூடிட்டா மாதப்பன் வாசிக்கற மாதிரியே இருக்கு, இல்லையா?"

ஜெயித்த இடத்திலும் அவன்தானா? அன்று முழுக்க வயிறு எரிந்தது.

செப்டம்பர் 29, ஞாயிறு. அப்பா டியூட்டியில். அம்மா நஞ்சன்கூடு போயிருந்தாள். வீட்டில் சுதர்ஷன் மட்டும்.

மதியம் 2.40. ஆம்ப்ளிஃபயரைப் போட்டான். கிடார் சுவரோரம் ஸ்டாண்டில். இவன் கட்டிலில். நடுவில் ஐந்தடி.

ம்ம்ம்ம்ம்...

அது எப்போதும் இருக்கும் இரைச்சல். தந்தியில் கை வைத்தால் அடங்கும். எடுத்தால் திரும்ப வரும். கிடார் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, கண்ணுகளா. மனுஷ உடம்பு பட்டால் அடங்கும்.

2.47.

இரைச்சல் அடங்கியது.

ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தான். சிவப்பு விளக்கு எரிகிறது. கிடாரைப் பார்த்தான். பக்கத்தில் யாருமில்லை.

ம்ம்ம்ம்... திரும்ப வந்தது.

அடங்கியது.

வந்தது.

யாரோ கை வைத்து, எடுத்து, வைத்து...

"யாரு?"

டக்.

சுவிட்ச். அவன் கண்ணெதிரே கழுத்தோரப் பக்கம் நகர்ந்தது.

2.52. கரண்ட் போனது. விளக்கு அணைந்தது. மின்விசிறி மெல்ல நின்றது. இனி சத்தம் வர வழியில்லை.

டிங்...

மூன்றாவது தந்தி. சன்னமாக. அது அதிர்வது தெரிந்தது.

டிங்... டிங்...

மாதப்பன் தினமும் வாசிக்கத் தொடங்குமுன் சுருதி பார்ப்பானே, அதே மூன்று தட்டல்.

"மாதப்பா... குடுத்துடறேன்டா... உன்னோடத குடுத்துடறேன்..."

தந்தி நின்றது.

3.05க்குக் கரண்ட் வந்தது. இரைச்சல் வரவில்லை.

கை எடுக்கப்படவில்லை.

மறுநாள் முதல் பஸ். பிரித்துப் பார்க்கப் பயந்து, முழுக் கிடாரையும் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு கொள்ளேகால் போனான். அங்கே பஸ் மாறி, 11.20க்குக் கௌதள்ளி. மாதப்பனின் அம்மா மல்லம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் குங்குமம் இருந்தது, கண்ணில் உயிரில்லை.

"மாதப்பன் இருக்கானா? நான் சுதர்ஷன், மைசூர்ல..."

"தெரியாதுங்களா சாமி?" என்றாள். "புதன்கிழமை விடிகாலைல... கொல்லைல பாம்பு தீண்டிப்போட்டுதுங்க. ஆறு மணிக்கெல்லாம் முடிஞ்சு போச்சு."

சுதர்ஷன் திகைத்துப் போனான். உறையைத் திறந்தான். "இதுல இருக்கறது அவன் சாமான்மா. நான்தான்... எடுத்துட்டேன். குடுக்க வந்தேன்."

மல்லம்மா அவனைப் புரியாமல் பார்த்தாள்.

"அதுதான் மாத்தியாச்சுங்களே! செவ்வாக்கெழமை வந்த ராத்திரி சொல்லிச்சுங்க. 'அண்ணஞ் சாமான் ஒண்ணு எங்கிட்ட மாறி வந்துருச்சும்மா. அடில அண்ணங் கடைச் சிவப்புப் பொட்டு இருந்துது, கண்டுபுடிச்சுட்டேன். அண்ணன் வூட்டுலயே உக்காந்து மாத்திப்போட்டேன். மூடியக்கூட மாத்தி வச்சுட்டேன். கேட்டா அண்ணன் மனசு சங்கடப்படும், சொல்லாம வந்துட்டேன்'னுச்சு."

அவன் தன் கிடாரின் திருகாணிகளைக் கழற்றினான். கழுத்தோரப் பிக்கப்பை வெளியே எடுத்துத் திருப்பினான்.

சிவப்புப் பொட்டு.

அவனுடையது. அதே மட்டமானது. சுவரில் மாதப்பன் கிடார் தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் பிரித்துப் பார்த்தான். பொட்டு இல்லை. பழைய வெளிநாட்டுப் பிக்கப் அங்கேயே இருந்தது.

நடுவில் ஏன் சோகை பிடித்தது என்று அப்போது புரிந்தது. பழைய பிக்கப்புக்காகத் தலைமாற்றிய ஒயர், தன் பிக்கப் திரும்பி வந்ததும் தப்பாகிவிட்டது. அதற்குக் கணக்கு இருந்தது.

அந்தத் தேனுக்குக் கணக்கு இல்லை.

சுதர்ஷன் தசரா மேடை ஏறவில்லை. அதன்பிறகு கிடாரையே தொடவில்லை. மாதப்பன் வந்ததையும் தந்தி அதிர்ந்ததையும் எப்படியோ தாங்கிக்கொண்டான், கண்ணுகளா. ஒன்றைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை என்றான்.

மாதப்பன் போனது புதன்கிழமை.

ஸ்மிதா கண்ணை மூடிக்கொண்டு பாடியது வியாழக்கிழமை.