'தற்போது' என்றொரு கட்டம்

கணக்கு சார் சைக்கிளில் இருந்தபடி யாரிடமும் பேச மாட்டார். எதிரே பழைய மாணவன் ஒருவன் வந்தால் முதலில் மணி, பிறகு பிரேக், பிறகு வலது காலைப் பின்பக்கமாக வீசி இறங்குவார். ஸ்டாண்டு போட்டு, பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்ட பிறகுதான், "சொல்லுலே, இப்ப என்ன செய்யுத?" என்று கேட்பார். இவ்வளவும் நடந்து முடிவதற்குள் தப்பி ஓட நினைத்தால் ஓடிவிடலாம். யாரும் ஓடியதாக எனக்குத் தெரியாது. நமக்காக ஒருவர் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது எப்படி ஓடுவது?

பிளஸ் டூவில் எங்களுக்குக் கணக்கு எடுத்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வலது கையில் முழங்கை வரை சாக்பீஸ் தூள். விடை சரியாக இருந்து இடையில் ஒரு வரி விட்டுப்போயிருந்தால் முட்டைதான் போடுவார். "விடை எனக்கே தெரியும்லே. நீ எப்படி வந்தங்கதக் காட்டு" என்பார். திட்டும்போதுகூட அடுத்த வரிக்கு இடம் விட்டுத்தான் திட்டுவார். காய்ச்சலில் படுத்திருந்த என்னை வீட்டுக்கே வந்து பார்த்து, தலைமாட்டில் கிடந்த என் தினக்குறிப்பு நோட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்து ஒரு பாடம் முழுவதையும் நடத்திவிட்டுப் போனவர். அந்த வருஷம் பள்ளியில் நான்தான் முதல் மதிப்பெண். கணக்கில் இருநூற்றுக்கு இருநூறு.

பள்ளி முன்கூடத்தில் ஒரு மரப்பலகை உண்டு. கறுப்பு வண்ணத்தின் மேல் மஞ்சள் எழுத்து. வருஷம், முதல் மதிப்பெண் பெற்றவர் பெயர், மதிப்பெண். எல்லாப் பள்ளியிலும் இருப்பதுதான். எங்கள் பலகையில் கூடுதலாக நான்காவது கட்டம் ஒன்று உண்டு. 'தற்போது' என்று தலைப்பு. அது சார் சேர்த்தது. பழைய மாணவர்களைத் தெருவில் மறித்து விசாரித்து, பையில் வைத்திருக்கும் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். ஆண்டு விழாவுக்கு முந்தின வாரம் பெயிண்டர் அண்ணாச்சி ஏணியோடு வருவார். மருத்துவர், சேலம். வங்கி மேலாளர், கோவை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பிரேயரில் இந்தப் பலகையை மேலிருந்து கீழாகப் புதுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். சார் வாசிக்கும்போது பெயரைவிட நான்காவது கட்டத்துக்குத்தான் குரல் ஏறும்.

என் பெயருக்கு நேரே அந்தக் கட்டம் ஆறு வருஷம் வெறுமையாக இருந்தது. காரணம் எளிது. சென்னையில் பொறியியல் சேர்ந்தேன், முடிக்கவில்லை. அரியர் விழுந்து எழ முடியாமல் போன பாடம் கணக்கு. ஊருக்குத் திரும்பி, பேட்டையில் போல்ட், நட்டு செய்யும் பட்டறை ஒன்றில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தேன். சேர்ந்த மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தேகால் மணிக்கு, வண்ணார்பேட்டையில் சைக்கிள் மணி கேட்டது. இறங்கினார், ஸ்டாண்டு போட்டார், பூட்டினார்.

"சொல்லுலே, இப்ப என்ன செய்யுத?"

"பெங்களூர்ல சார். ராக்கெட் சம்பந்தமா. லீவுல வந்திருக்கேன்."

முந்தின நாள் நூலகத்தில் ராக்கெட்டுகளைப் பற்றி ஒரு புத்தகம் வாசித்திருந்தேன். அதைத் தவிர அந்தப் பதிலுக்கு வேறு ஆதாரம் கிடையாது. வகுப்பில் வரிக்கு வரி வழி கேட்ட மனிதர், பலகைக்கு விடையை மட்டும் வாங்கிக்கொண்டார். என் தோளைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். "எனக்குத் தெரியும்லே" என்று இரண்டு தடவை சொன்னார். கண் கலங்கியிருந்தது. பூட்டைத் திறக்கச் சாவித் துவாரம் அகப்படாமல் தடுமாறினார்.

பன்னிரண்டு வயதிலிருந்து தினக்குறிப்பு எழுதுகிறேன். என்ன கிழமை, ஆற்றில் எந்தப் படி வரை தண்ணீர், எந்த ரயில் எவ்வளவு தாமதம், அன்று வாசித்தது என்ன, எல்லாம் இருக்கும். அன்றைய பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: 'வண்ணார்பேட்டையில் சாரைப் பார்த்தேன். மழை இல்லை.'

அதற்குப் பிறகு நான் இருபது வருஷமாக லீவில் வந்திருக்கிறேன். பள்ளிக்கும் என் வீட்டுக்கும் நான்கு கிலோமீட்டர்கூட இல்லை. பள்ளித் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனேன். பழைய மாணவர் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் அந்த வாரம் எனக்கு உடம்பு சரியிருக்காது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் காய்கறி வாங்குகிறவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கல்யாணமான புதிதில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். தெரியாமல் சொல்லிவிட்டேன். "ராக்கெட்டு, பால் வாங்கியாச்சா?" என்று அன்றைக்கு ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. சார் ஓய்வு பெற்று ஸ்ரீவைகுண்டத்தில் சொந்த வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்ட நாளில் எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. ஒரு மனிதர் ஊரை விட்டுப் போனதில் அப்படிச் சந்தோஷப்பட்டதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அத்தனை அன்பாக இருந்தவர் அவர்.

போன ஜூனில் மகள் பிளஸ் ஒன் சேர்ந்தாள். பக்கத்தில் நல்ல பள்ளி அதுதான் என்று மனைவி பிடிவாதமாகச் சேர்த்துவிட்டாள். சார் இல்லாத பள்ளியில் என்ன வந்துவிடப் போகிறது என்று நானும் இருந்துவிட்டேன். பலகையை வாசிக்கும் வழக்கம் மட்டும் அங்கேயே இருந்திருக்கிறது. முதல் வாரமே மகள் வந்து கேட்டாள்.

"அப்பா, பலகைல ஒங்க பேர்ல ஒருத்தர் இருக்காரு. இனிஷியலும் அதேதான். பெங்களூர்ல ராக்கெட் வேலையாம். பிரேயர்ல வாசிச்சாங்க."

"வேற ஆளா இருக்கும்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துவிட்டு ஷூவைக் கழற்றப் போனாள். முதல் பொய்க்கு ஒரு நொடி யோசித்திருந்தேன். இதற்கு அதுகூடத் தேவைப்படவில்லை. அடுத்த ஜூனிலும் அவள் வரிசையில் நின்று இதைக் கேட்கப் போகிறாள், வீட்டுக்கு வந்து என்னைப் பார்க்கப் போகிறாள். மூன்று நாள் தாங்கினேன். நாலாம் நாள் வியாழக்கிழமை, பட்டறையில் லீவு சொல்லிவிட்டு, காலையில் திருச்செந்தூர் ரயிலில் ஏறி ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கினேன். ரயில் ஒன்பது நிமிஷம் தாமதம்.

சார் ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். முழங்கால் தேய்ந்து சைக்கிளை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோட்டம். குரலிலேயே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "ஏலே, பெங்களூர்லேந்து எப்ப வந்த?"

நின்றுகொண்டே சொன்னேன். அரியர், பேட்டை, ஸ்டோர், ஹெல்மெட் எல்லாவற்றையும் வரிசையாக, ஒரு வரி விடாமல். முடித்ததும் சார் வாழைகளைப் பார்த்தபடி கேட்டார்.

"கணக்குலயாலே அரியர்?"

"ஆமா சார்."

"அதச் சொல்லத்தான் வெக்கப்பட்டியோ?"

அவர் மெல்ல எழுந்து கொடியில் கிடந்த சட்டையை எடுத்தார். "மன்னிக்கதெல்லாம் பொறவு பாக்கலாம். பலகைல தப்பு இருக்கப்படாதுலே. சனிக்கிழமை அண்ணாச்சிய வரச் சொல்லுதேன். நீ வந்து என்னைக் கூட்டிட்டுப் போ." சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கே கிளம்பத்தான் எடுத்திருக்கிறார். முழங்கால் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை மகளை உட்கார வைத்துச் சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டு சொன்னேன் என்பதே சரி. பாதியில் நிறுத்திவிட்டாள். "தெரியும்ப்பா. பொறந்ததுலேருந்து கேக்கேன், அம்மா ஒங்கள ராக்கெட்டுன்னுதான கூப்பிடுதா?" அடுக்களையில் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. மனைவி சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.

பள்ளி முன்கூடத்தில் சாருக்கு நாற்காலி போட்டார்கள். புதுத் தலைமையாசிரியை வந்து வணங்கிவிட்டுப் போனார். பெயிண்டர் அண்ணாச்சி ஏணியில் நின்று என் வரிக்குக் கறுப்புப் பூசினார். மஞ்சள் அடியில் தெரிந்தது.

"ராக்கெட்டு லேசுல அழியாது சார். ரெண்டு கோட்டு அடிக்கணும். நல்லாப் பிடிச்சிருக்கு."

"நாலு அடியும். என்ன அவசரம்?" என்றார் சார்.

அது காய்ந்ததும், என்ன எழுத என்று அண்ணாச்சி கேட்க, சார் என்னைப் பார்த்தார். "ஸ்டோர் கீப்பர், பேட்டை" என்றேன். சார் அண்ணாச்சியிடம் திரும்பினார். "பண்டகக் காப்பாளர்னு எழுதும்வே. எழுத்து சிறுசாயிரக் கூடாது. மத்தவனுக்கு எம்புட்டோ இவனுக்கும் அம்புட்டு." என் உடம்பிலிருந்து ஏதோ இறங்கிக்கொண்டே இருந்தது. தலையில் ஹெல்மெட் இல்லாமல் அந்தத் தெருவில் நின்று ஒரு டீ குடிக்க வேண்டும் என்று தோன்றியது.

அண்ணாச்சி எழுதி முடித்து இறங்கினார். அப்போதுதான் சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பலகையை மேலிருந்து வாசிக்க ஆரம்பித்தார், பிரேயரில் வாசிக்கிற மாதிரியே. ஆனால் இந்தத் தடவை நான்காவது கட்டத்துக்குக் குரல் ஏறவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பிறகு நின்றார்.

"நான் யாரையும் போய்ப் பாக்கலியேலே" என்றார். "கேட்டேன். சொன்னானுவ. எழுதிட்டேன்." கை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. "நீ ஒருத்தந்தானாலே? இல்ல, இன்னும் இருக்கானுவளா? நீதான் எல்லாத்தையும் எழுதி வைக்கவனாச்சே. உனக்குத் தெரியுமா?"

அவருடைய மறு கை பலகையை நோக்கி நீண்ட இடத்தில், எனக்குக் கீழே சில வரிகள் தள்ளி, வெளிநாட்டில் பெரிய பதவி என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்த வரிக்காரரைப் பல வருஷமாகக் காலையில் பார்க்கிறேன். கங்கைகொண்டான் தொழிற்பேட்டைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸுக்காகச் சீருடையில் நிற்பார். என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். என்ன கிழமை எந்தச் சுவர் என்பதுகூட என் நோட்டில் இருக்கிறது.

சார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது சார்" என்றேன்.

பலகையில் என் வரி இன்னும் காய்ந்திருக்கவில்லை.