கேட்காமல் போன வழி

சோபாக்காவின் வாயில் ஆணி இருக்கும்போது மட்டும்தான் தெரு அமைதியாக இருக்கும் என்பார்கள். பொய்யில்லை. உதட்டிடுக்கில் ஏழெட்டுச் சின்ன ஆணிகளைக் கவ்விக்கொண்டு, ரெக்சினை இழுத்துப் பிடித்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டையில் அடிப்பாள். கடைசி ஆணி இறங்கியதும் வாய் திறக்கும். வாசலை மறித்து லாரியை நிறுத்துகிறவன், ஈரத் துணியை அவள் பட்டறைப் பக்கம் உதறுகிற மாடிவீட்டுக்காரி, ஒருவரையும் விட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் பெயர் சண்டைக்கோழி. முகத்துக்கு நேரே சொல்ல இன்றுவரை ஆள் கிடைக்கவில்லை.

வீடும், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சோபாப் பட்டறையும் அவள் பெயரில்தான். இரண்டும் அவள் கை உழைப்பில் வந்தவை. முன்வாசல் ரொம்பவும் ஒடுக்கம். மூன்று பேர் உட்காரும் சோபா உள்ளே வர வேண்டுமென்றால் பட்டறையின் பின்கதவுதான் கதி. பின்கதவிலிருந்து பெரிய தெருவுக்குப் போகிற எட்டடிச் சந்தோ பக்கத்து வீட்டுப் பெரியவருக்குச் சொந்தம். அதில்தான் அவள் இருபத்தைந்து வருஷமாகத் தன் வேனை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் பெரியவர் காலமானார். பிள்ளைகள் இடத்தை ஒரு கண்ணாடிக் கடைக்காரருக்கு விற்றார்கள். வாங்கின கையோடு அவர் சந்தின் குறுக்கே சுவர் எழுப்ப ஆரம்பித்தார். சோபாக்கா ஓடிப்போய் வழக்குப் போட்டுத் தடை வாங்கியபோது சுவர் இடுப்பளவுக்கு வந்திருந்தது. தோற்றால் மிச்சமும் எழும்பும், பட்டறை மூடும். அங்கே வேலை பார்க்கிற நான்கு பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வக்கீலம்மா முதல் நாளே புரியும்படி சொல்லிவிட்டாள். “அம்மா, அடுத்தவர் இடத்துல அவர்கிட்ட கேட்டுட்டுப் போனீங்கன்னா அது அவர் காட்டின தயவு. எப்ப வேணா நிறுத்திடலாம். கேக்காம, ஒளிக்காம, நம்ம வழி இதுதான்னு இருபது வருஷம் போயிருந்தா அது உங்க உரிமை. இடம் கை மாறினாலும் உரிமை மாறாது. எப்பவாவது அனுமதி கேட்டீங்களா?”

“நானா?” என்று சோபாக்கா சிரித்த சிரிப்பில் மேஜை மேலிருந்த காகிதம் பறந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரை யாரும் கேட்கவில்லை. நூலகத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். பக்கத்து மேஜையில் யாரோ படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிற பாவனையில்தான் வீட்டிலும் பேசுவார். கேட்டால்தான் பதில் சொல்வார்.

சாட்சி விசாரணை அன்று கோர்ட்டில் மின்விசிறி ஓடியது, காற்று வரவில்லை. சாட்சி சொல்ல வராவிட்டாலும் சோபாக்காவின் சம்பந்தியம்மாள் நாகரிகமாக உடுத்திக்கொண்டு மூன்றாவது பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தாள். உதவிக்கு வந்தாளா, வேடிக்கை பார்க்க வந்தாளா என்பது அவளுக்கே வெளிச்சம். கணவருக்கு உடம்பு சரியில்லாததால் அவரை முதலில் விசாரித்தார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் பழம் நறுக்குகிற மாதிரிப் பேசினார். “ஐயா, அந்தப் பெரியவர் எப்படிப்பட்டவர்?”

“தங்கமான மனுஷர்ங்க.”

“அவர் இடத்துல உங்க வண்டி போகுது. மரியாதைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பீங்களே?”

“சொல்லாம இருப்பேனா?” கணவரின் முகம் மலர்ந்தது. “இவ சத்தம் போட்ட அன்னைக்கெல்லாம் சாயங்காலம் நான் போயிடுவேன். ‘அவளுக்குக் கொஞ்சம் முன்கோபம், மனசுல வச்சுக்காதீங்க. வண்டி போயிக்கலாமுங்களா’ன்னு கேப்பேன். ‘உங்க முகத்துக்காக விடறேன்’ம்பார்.”

“அவ்வளவுதான். ரொம்ப நன்றிங்கய்யா.”

வக்கீலம்மாவின் பேனா நின்றுவிட்டது. வழி போச்சு என்பது சோபாக்காவுக்கு முதலில் உறைத்தது. அதற்குப் பின்னால் வந்ததுதான் அதிகம் வலித்தது. ஊரே கோழி என்றது, அதை அவள் தூசு மாதிரி தட்டிவிட்டாள். ஆனால் கட்டினவர் இத்தனை வருஷமும் பின்வாசல் வழியாகப் போய், அவளை ஒரு வியாதி மாதிரிச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறார்! புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கூண்டில் ஏறினாள்.

ஜெயித்த மிதப்பில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு பழைய காகிதத்தை விரித்தார். பெரியவர் இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் நகராட்சிக்கு எழுதின புகாரின் நகலாம், அவர் வீட்டு அலமாரியில் கிடைத்ததாம். இந்தப் பெண்மணியின் குணத்தைக் கோர்ட் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு, ராகம் போட்டு வாசித்தார். “என் அனுமதி இன்றியும், நான் பலமுறை தடுத்தும், மேற்படி பெண் தினமும் வேன் ஓட்டிச் செல்கிறாள். நேற்று நான் சந்தின் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது, நாற்காலியோடு என்னைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டாள்.”

கோர்ட்டில் சிரிப்புக் கிளம்பியது. சம்பந்தியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வயசான மனுஷரை இப்படித் தூக்கி வச்சீங்களாம்மா? இல்ல, பொய் எழுதியிருக்காரா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மானம் தப்பும். வக்கீலம்மா மூச்சுக் காட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோபாக்கா மூன்றாவது பெஞ்சைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தூக்கி வச்சேன். அவர் எழுதினது அத்தனையும் நிசம். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம். சாயங்காலம் நான்தான் சரி பண்ணிக் குடுத்தேன். மறுநாளும் அதையே போட்டு உட்கார்ந்தார். மறுநாளும் தூக்கினேன்.”

“ஆனா உங்க வீட்டுக்காரர் அனுமதி கேட்டிருக்காரே?”

“அவர் கேட்ட சங்கதி எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். வீடு எம்பேர்ல, பட்டறை எம்பேர்ல. எனக்காகக் கேக்கச் சொல்லி நான் யாரையும் அனுப்பல. நான் கேக்கவும் இல்ல, ஒரு நாள் வண்டிய நிறுத்தவும் இல்ல!”

கண்ணாடிக் கடைக்காரர் தன் வக்கீலின் அங்கியைப் பிடித்து இழுத்தார். வக்கீல் காகிதத்தை மடிக்கப் போனார். நீதிபதி கையை நீட்டினார். “அதை இப்படிக் குடுங்க. உங்க தரப்பு ஆவணம்தானே? பதிவு பண்ணிக்கலாம்.”

மூன்று வாரம் சோபாக்கா சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் சண்டை போடவுமில்லை. தெருவே பயந்துபோயிற்று. தீர்ப்பு நாளில் நீதிபதி வாசித்தார். கணவர் மரியாதைக்குக் கேட்ட அனுமதி சொத்துக்காரியைக் கட்டுப்படுத்தாது. அவள் வெளிப்படையாக, எதிர்ப்பையும் மீறி, இருபது வருஷத்துக்கு மேல் அந்த வழியைப் பயன்படுத்தினாள் என்பதற்குப் பெரியவரின் கையெழுத்தே சாட்சி. சுவரை முப்பது நாளில் எடுக்க வேண்டும்.

கோர்ட் படியில் கணவர், “ஜெயிச்சுட்டோம்,” என்றார்.

சோபாக்கா நின்றாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள். “நான் அந்தச் சந்துல ஒத்தையா நின்னு கத்தினப்ப, ஒரு நாளாச்சும் எம்பக்கத்துல வந்து நின்னீங்களா?”

“பயமா இருந்துச்சு.”

“அந்தக் கிழவரைப் பார்த்தா?”

“இல்ல. யாரும் தப்பா நினைச்சுடக் கூடாதேன்னு.”

“யாரை? என்னையா, உங்களையா?”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“என்னைத்தான்,” என்றார்.