யார் வீட்டுச் சாவி இது?

1. முதல் நாள்

மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே ஃபுட்பாத்தில் நான் சாவிக்கடை போட்ட முதல் நாள். முதல் போணியே கோணல். ஒரு மாமி வந்து, "ஏக் தாக்கோல் பனாவோ" என்றார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்திறங்கியவன் நான். இது என்ன இந்தி என்று விழித்து, "நஹி ஹை" என்று அனுப்பிவிட்டேன்.

பக்கத்தில் குடை ரிப்பேர் செய்யும் பாண்டுரங் விழுந்து விழுந்து சிரித்தான். பாலக்காட்டுத் தமிழர் வீடுகளில் சாவிக்கு அதுதான் பெயராம். நம் பேச்சை ஒரு மராட்டிக்காரன் நமக்கே சொல்லிக்கொடுப்பதா? எனக்குச் சுருக்கென்றது. அதற்காகவே அவனோடு மல்லுக்கு நிற்க ஆரம்பித்தேன்.

சாவி மராட்டிச் சொல், மதராசிகள் எடுத்துக்கொண்டீர்கள் என்பது அவன் கட்சி. எங்கள் பக்கம் மணி பிடிக்காத நெல்லையே சாவி என்போம், அதனால் சொல் எங்களுடையது என்பது என் கட்சி. குஜராத்தி வாடிக்கைக்காரர்களும் சாவி என்றுதான் கேட்டார்கள், அது தங்கள் சொல் என்றார்கள். இந்திக்காரர்கள் மட்டும் கொஞ்சம் மாற்றிச் சாபி என்றார்கள்.

வருஷக்கணக்கில் இந்த வழக்கு ஓடிய பிறகு, மாஹிமிலிருந்து பெட்டிப் பூட்டோடு வந்த கோவாக்கார ஆன்ட்டி ஒருவர் தீர்ப்புச் சொன்னார். "அரே, தும் தோனோ கா நஹி! போர்ச்சுகீஸ் ஹை. ஷாவ்!" எங்கள் இருவருடையதும் இல்லையாம், கப்பலில் வந்து கரையெல்லாம் இறங்கிய சொல்லாம். போர்ச்சுகீசியருக்கும் அது சொந்தமில்லையாம். லத்தீனில் 'கிளாவிஸ்' என்று இருந்ததைத் தேய்த்து எடுத்தார்களாம். அப்படியானால் என் நெல்லுக்கும் இந்தச் சாவிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. என் அப்பா வாயில் வந்தது தொறவுகோல். அதுதான் நம் சரக்கு. அதை விட்டுவிட்டு இரவல் சொல்லுக்கா இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன்!

2. கல்யாண வீட்டுப் பீரோ

ஒருநாள் காலை, பட்டு வேட்டி கட்டிய ஒருவர் ஓடி வந்து என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு போனார். பெண்ணுக்குச் சித்தப்பாவாம். கல்யாணம் எதிர் ஹாலில். தாலியோ வீட்டில், ஸ்டீல் பீரோ லாக்கருக்குள். சாவியைக் காணோம்.

படி ஏறும்போதே அவர் யாரிடமோ போனில் புலம்பினார். "மாப்பிள்ளை மராட்டி. அவன் அம்மா தாலியோட கருகமணி கோக்கணும்னு சொன்னா. மன்னி, அதான் பொண்ணோட அம்மா, நம்மாத்துல வழக்கமில்லைன்னு கறாரா சொல்லிட்டா. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இப்போ வேணும்னே ஒளிச்சு வெச்சுட்டோம்னு நினைக்கப் போறா."

உள்ளே பெண்ணின் அம்மா, "தாக்கோல் எங்க போச்சு?" என்று தலையணையை உதறிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா, "சாவி குடே கேலி?" என்று கட்டிலுக்கு அடியில் குனிந்திருந்தார். தேடியது ஒன்றைத்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இந்தத் தொழிலில் எனக்கு ஒரு சட்டம் உண்டு. பீரோ என்றால், உள்ளே இருப்பதில் ஒன்றை உடையவர் முதலில் சொல்ல வேண்டும். திறந்தால் அது இருக்க வேண்டும். கல்யாண வீடானாலும் சட்டம் சட்டம்தான். கடையில் பேசிப் பழகிய இந்தியிலேயே அதைச் சொன்னேன்.

"தாலி இருக்கு, போறாதா?" என்று சித்தப்பா குதித்தார். அது தெருவுக்கே தெரியுமே! நான் பெண்ணின் அம்மாவான அந்த மாமியைப் பார்த்து, "அவுர் குச் போலோ" என்றேன், வேறு ஏதாவது சொல்லுங்கள் என்று.

மாமி சம்பந்தியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு, ஃபுட்பாத்துக்காரர்களிடம் பேசுகிற அந்த மாட்டுங்கா இந்தியில், "காலா மணி ஹை. மங்கள்சூத்ர். தாலி கே ஸாத் ஹம் பனாயா" என்றார். தாலியோடு கருகமணியும் சேர்த்தே செய்து வைத்திருக்கிறாராம்.

கட்டிலடியிலிருந்து சம்பந்தி மெல்ல எழுந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. சித்தப்பா மாமியின் பக்கம் திரும்பினார். "வேண்டாம்னு சொல்லிட்டேனே தவிர, மனசு கேக்கலை. மணையில வெச்சுக் காட்டலாம்னு இருந்தேன்" என்றார் மாமி அவரிடம்.

நான் பிளாங்க்கை, அதாவது பல் வெட்டாத வெறும் சாவியை, ஓட்டைக்குள் விட்டுத் திருகினேன். வெளியே எடுத்துத் தடம் பார்த்து, அரத்தால் ராவினேன். மறுபடி விட்டேன், மறுபடி ராவினேன். இரண்டு அம்மாக்களும் தோளோடு தோள் ஒட்டி நின்று என் கையையே பார்த்தார்கள். லாக்கர் திறந்தது. டப்பாவுக்குள் தாலி, அதன் இருபுறமும் கருகமணி. சம்பந்தி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"மெதுவா போங்க மாமி, முகூர்த்தத்துக்கு நேரம் இருக்கு" என்றேன்.

"நீ தமிழா? முன்னாடியே சொல்லப்படாதோ!"

"நீங்க கேக்கலியே!"

கேட்டிருந்தால் மாமி என் காதோடு தமிழில் சொல்லி முடித்திருப்பார். சம்பந்திக்கு ஒரு அட்சரமும் புரிந்திருக்காது.

3. இன்னொன்று

பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டுத்தான் விட்டார்கள். கிளம்பும்போது சம்பந்தி வழி மறித்தார். "அண்ணா, அஜூன் ஏக் சாவி பனவா" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். இன்னொன்று வேண்டும், அது தன்னிடம் இருக்க வேண்டும் என்று அர்த்தம்.

நான் மாமியைப் பார்த்தேன். "தாக்கோல்தானே? பண்ணிக் குடு. நான் தொலைச்சா அவா குடுப்பா" என்றார்.

சொல் யாருடையது என்ற வழக்கில் பாண்டுரங் இன்னும் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. ஆன்ட்டிக்கு என்ன தெரியும் என்கிறான். நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கேட்கிறவர் வாயில் என்ன பெயர் வருகிறதோ, அந்தப் பெயரிலேயே போட்டுக் கொடுங்கள்.

அன்று ஒரே அச்சில் இரண்டு போட்டேன். ஒன்றை மாமியிடம் நீட்டி, "இந்தாங்க தாக்கோல்" என்றேன். மற்றதைச் சம்பந்தியிடம் நீட்டி, அதையே மராட்டியில், "க்யா, சாவி" என்றேன்.