இஞ்சி யாருடையது

எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில், சுக்கு ஏற்றுமதி செய்யும் ஓர் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது 'ஜிஞ்சர்' என்று அடிப்பேன். அது எங்கிருந்து வந்த வார்த்தை என்று இரண்டு வருடம் எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியே தோன்றாமல் இருந்திருக்கலாம்.

எதிர் மேசையில் பில் எழுதும் சேச்சி மலையாளி, பக்கத்துப் பள்ளுருத்திக்காரர். மூன்று மணிக்கு எங்கள் இருவருக்குமாக ஒரு சாயா வரும். சேச்சி பாதியைத் தன் டிபன் மூடியில் ஊற்றிக்கொண்டு கிளாசை என்னிடம் தருவார்.

ஒரு மழை நாளில் வேலை இல்லாமல் ஆபீஸ் அகராதியைப் புரட்டினேன். ஜிஞ்சர் நம்முடைய இஞ்சிவேர்தானாம். வடமொழி, கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு என்று ஊர் சுற்றி, ஆள் அடையாளம் தெரியாமல் மாறி, ஆங்கிலத்தில் குடியேறியிருக்கிறது. மூலம் தமிழ் என்று போட்டிருந்தது. அதை உரக்க வாசித்தேன். அதோடு நிறுத்தாமல், எங்களுடையது என்றும் சொன்னேன். மறுநாள் சேச்சி தன் தம்பியின் அகராதியைக் கொண்டுவந்தார். அதில் மலையாளம் என்று இருந்தது.

அன்றோடு பேச்சு நின்றது. மூன்று மணிக்கு இரண்டு சாயா வந்தது. முழு கிளாசை இருவராலும் குடித்து முடிக்க முடியவில்லை. முதலாளிக்கு எதுவும் தெரியாது. அவருக்கு ஜிஞ்சர் என்றால் மூட்டை.

ஆறாவது வாரம், மஸ்கட்டில் இருந்த கணவர் சேச்சிக்கு விசா அனுப்பினார். அவர் கிளம்புவதற்குள் நானாகப் பேசிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். பேசினால் இஞ்சியை விட்டுக்கொடுத்ததாகிவிடுமே என்று வாயை மூடிக்கொள்வேன்.

கடைசி நாள், தன் சாயாவைத் திருப்பி அனுப்பிவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"இஞ்சி நீ எடுத்தோ. சாயா பாதி எனிக்குத் தா."

நான் நிமிராமல் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அவரே பாதியை மூடியில் ஊற்றிக் குடித்தார். மூடியைக் கழுவிப் பையில் வைத்தார். போய்விட்டார். மீதியை நான் குடித்தபோது ஆறிப்போயிருந்தது. வெட்கமாக இருந்தது.

எண்பதுகளில் எறணாகுளம் நூலகத்தில் இன்னும் தடிமனான புத்தகம் ஒன்று கிடைத்தது. இஞ்சி ஊரைவிட்டுக் கிளம்பிய காலத்தில் தமிழும் மலையாளமும் பிரிந்திருக்கவே இல்லை என்று அதில் எழுதியிருந்தது.

இதை சேச்சிக்கு எழுத வேண்டும். மஸ்கட் விலாசம் என்னிடம் இல்லை. கேட்டிருந்தால் தந்திருப்பார்.