ஆறாம் அறையில் எடுத்த போன்

அன்று காலை ஆறாம் அறை வாசலில் நின்றவர்கள்: வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ், கிளீனிங் வேலையில் எனக்கு மூத்த சரோ அக்கா, நான். உள்ளே இருந்தவர் விடியப்புறம் இறந்துவிட்டார். நாற்பது வயதும் இராது. புதுக் காய்ச்சல். உடலைக் கொண்டுபோய்விட்டார்கள். அறையைத் துடைக்க வேண்டும்.

ஊரில், வன்னியில் போர் முடிந்த வருடம். ரொறன்ரோவில் காய்ச்சல் பரவியதும் அப்போதுதான். கர்ப்பிணிகளுக்கு வந்தால் கடுமை என்று நர்ஸ்மார் பேசிக்கொண்டார்கள். என் மனைவிக்கு ஏழு மாதம்.

"பயமெண்டால் சொல்லு, நான் போறன்," என்றார் சரோ அக்கா.

"பயமில்லை அக்கா."

"பொய் சொல்லாதை. மாஸ்க்குக்குள்ளாலயும் தெரியுது."

கவுன், மாஸ்க், கிளவ்ஸ் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். கட்டில் கம்பியைத் துடைக்கும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. ஆனால் அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் ஒருவரும் போனை லொக்கரில் வைக்கவில்லை. வன்னியிலிருந்து யார் எப்போது அழைப்பார்கள் என்று தெரியாது. விட்டால் திருப்பி அழைக்க நம்பரும் திரையில் விழாது.

கவுனைத் தூக்கி, கிளவ்ஸ் கையாலேயே எடுத்தேன். மாஸ்க்கைக் கீழே இழுத்தேன்.

"அத்தான், நான் ரவி. முகாமில நிக்கிறன். அக்காட்டைச் சொல்லுங்கோ."

மனைவியின் தம்பி. மூன்று மாதமாகத் தகவல் இல்லாதவன். லைன் அறுந்தது. கண்ணை அதே கையால் துடைத்தேன்.

சரோ அக்கா கண்ணாடியில் தட்டினார். "எட விசரா! கையைப் பாரடா!"

பார்த்தேன். கட்டில் கம்பியைத் துடைத்த அதே கிளவ்ஸ்.

ஏழு நாள் தனியே இரு, காலையும் மாலையும் காய்ச்சல் பார் என்றார் நர்ஸ். நான் வீடு போகுமுன் மார்க்கம் நகரில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போகும்படி மனைவிக்குப் போனில் சொன்னேன்.

"தம்பி இருக்கிறான் எண்டு சொல்லிப்போட்டு என்னைத் துரத்திறியள். என்னப்பா செய்தனீங்கள்?"

சொன்னேன்.

"எடுக்காமல் விட்டிருந்தால் நான் உங்களோட கதைச்சிருக்க மாட்டன்," என்றாள். "இப்ப சந்தோசப்படவும் ஏலாமக் கிடக்கு."

எங்கள் பேஸ்மென்ட் வீட்டில் தனியே கிடந்தேன். மூன்றாம் நாள் இருமல் வந்தது. அந்தக் கட்டில் கம்பிதான் கண்ணுக்குள் நின்றது. இருமலை அவளுக்குச் சொல்லவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். போனை வெளியே நிற்பவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அவர் பேசட்டும். அன்று சரோ அக்கா வெளியேதான் நின்றார். எனக்கு அது தோன்றவில்லை.

ஏழாம் நாள் மாலை மனைவி லைனில் காத்திருந்தாள். தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன்.

முப்பத்தாறு தசம் எட்டு. காய்ச்சல் இல்லை.