ஓடி முடியட்டும்

எழுபதுகளில் சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்ப்பது என் வேலை. புரோகிராம் எழுதுகிறவர்கள் வேறு. அவர்கள் கார்டுகளில் துளையிட்டு, ரப்பர் பேண்டு போட்டு, ஒரு சீட்டும் இணைத்து என்னிடம் கொடுத்துவிடுவார்கள். கரண்ட், ஏசி, டேப், கடல் காற்றில் ஊறி உப்பிப்போகும் கார்டுகள் எல்லாம் என் தலைவலி. மெஷின் நின்றால் என்னைத்தான் முறைப்பார்கள். ஓடினால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதில் எனக்கு வருத்தமும் உண்டு, திமிரும் உண்டு.

அவர்களில் ஒருவர் செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வீட்டில் அவரும் வயதான அப்பாவும் மட்டும்தான். மூன்று மணி நேரம் ஓட வேண்டிய அவருடைய ஒரு வேலை இரண்டு தடவை பாதியில் நின்றுபோனது. முதல் தடவை ஏசி படுத்தது, அடுத்த தடவை வோல்டேஜ் இறங்கியது. இரண்டும் என் பொறுப்பு. அவர் அதே கட்டை மறுபடி கொண்டுவந்து வைத்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மூன்றாம் தடவை எது வந்தாலும் நிறுத்துவதில்லை என்று வீம்பாக இருந்தேன்.

அன்று மத்தியானம் மெஷின் ரூமில் போன் அடித்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் பேசினார்.

“சார், அவரு கீறாரா? நைனாவுக்கு ரொம்ப மோசமா கீது. புள்ளையத்தான் கேட்டுகினே கீறாரு. ஒடனே அனுப்புங்க சார்.”

அவர் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி வழியாகத் தலை தெரிந்தது. வேலை முடிய இன்னும் நாற்பது நிமிஷம். நடுவில் மெஷின் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் கிளம்பிவிட்டால் இந்தத் தடவையும் போச்சு. ஓடி முடியட்டும், மூன்று மணி பஸ் போனால் நாலு மணி பஸ் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனை வைத்துவிட்டேன்.

ஒரு தப்பும் இல்லாமல் ஓடி முடிந்தது. அச்சான காகிதக் கட்டோடு அவரிடம் போய், “இப்பத்தான் போன் வந்துச்சு, அப்பாவுக்கு முடியலையாம்” என்றேன். கட்டை மேஜையிலேயே போட்டுவிட்டு ஓடினார்.

அவர் போய்ச் சேர்வதற்கு அரை மணி முன்னால் அப்பா போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து திரும்பியவர், வேலை எவ்வளவு நேரம் ஓடியது என்று பார்க்க லாக் புத்தகத்தைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். மெஷின் ரூமில் எது நடந்தாலும் மணியோடு எழுதிவைப்பது எனக்கு ஊறிப்போன பழக்கம். அவர் விரல் ஒரு வரியில் நின்றபோதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. ‘2.50. போன். வேலை நிறுத்தப்படவில்லை.’ என் கையெழுத்துத்தான்.

புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்தேன். இன்றுவரை அந்த வெட்கம் போகவில்லை.

மறுவாரம் அவருடைய கார்டுக் கட்டு வந்தது. சீட்டில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கும். எந்த டேப்பைப் போட வேண்டும் என்று இங்கிலீஷில் கிறுக்கியிருப்பார்கள். இவர் நிறுத்தி நிதானமாகத் தமிழில் எழுதியிருந்தார்: ‘போன் வந்தால் நிறுத்திவிடவும்.’

அங்கே இருந்த காலம் முழுக்க ஒவ்வொரு சீட்டிலும் அப்படியே எழுதினார். அவரைக் கூப்பிட வீட்டில் இனி யாரும் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.